தங்கபுஷ்பம் குறைத்துச் சொன்ன வலி

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, தென்காசி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. தங்கபுஷ்பத்தின் ஒரே மகள் ஜெயா பேசினாள். "மாமா, அம்மா போயிட்டாவ. காலையில காப்பி குடிச்சாவ. செத்த நேரம் படுக்கேன்னு சொன்னாவ. அவ்வளவுதான்." கையில் இருந்த காயைத் தராசில் போடுவதா திரும்பக் கூடையில் போடுவதா என்று தெரியாமல் நின்றேன். கடைக்காரர், "என்னவே, சொத்தையா?" என்று கேட்டார்.

இலஞ்சி வீட்டில் பந்தலுக்குக் கீழே நம் டெலிபோன் இலாகா ஓய்வூதியர்களில் பலர் இருந்தீர்கள். என் பக்கத்து நாற்காலிகளில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "டெலிபோன் ஆபீசே அந்தம்மா தலைக்குள்ளதான் இருந்துதுன்னு சொல்லுவாவ. கடைசில பேரன் பேரு தெரியலயாமே?" "எழுபத்திமூணு வயசுல்லா. வயசானா அப்படித்தான்வே." நான் திரும்பி, "வயசு இல்லவே" என்றேன். "பின்ன என்னது அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். சவம் கிடக்கிற வீட்டில் அதற்குமேல் பேச முடியவில்லை.

மறுவாரம் நம் ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர் வந்து, "நம்ம சங்க மலருக்கு அஞ்சலி நீங்கதான் எழுதணும் அண்ணாச்சி. ஒரு பக்கம் போதும். நல்லதா நாலு வார்த்தை" என்றார். நல்லதாக நாலு வார்த்தை எழுத வேறு ஆள் பார்த்திருக்கலாம். புஷ்பத்தின் புத்தியும் ஞாபகமும் எப்படிக் குறைந்தன என்பது எனக்குத் தெரியும். அதில் என் கை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு உரிமை இல்லை. சங்கத்துக்கு இது பிடிக்காவிட்டால் அச்சில் போட வேண்டாம். திருத்திப் போடவும் வேண்டாம்.

முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று பிந்தி வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். தென்காசியில் எல்லா அழைப்பையும் ஆள்தான் இணைத்துக் கொடுக்க வேண்டும் என்றிருந்த காலத்தில் தங்கபுஷ்பம் ஆபரேட்டராகச் சேர்ந்தார். நான் கேபிள் ஜாயிண்டர். குழிக்குள் உட்கார்ந்து அறுந்த கம்பிகளைச் சேர்ப்பவன். ஒரு ஐப்பசி மழையில் குற்றாலம் ரோட்டில் எவனோ பள்ளம் தோண்டிக் கேபிளை வெட்டிவிட்டான். உள்ளே இருநூறு ஜோடிக் கம்பிகள். எந்த ஜோடி எந்த வீட்டுக்குப் போகிறது என்று எழுதிய நோட்டு, ஆபீஸ் ஓட்டில் ஒழுகிய தண்ணீரில் ஊறிக் கூழாகியிருந்தது. பெரிய அதிகாரி அதன் நகலுக்காகத் திருநெல்வேலிக்கு ஆள் அனுப்பச் சொன்னார். புஷ்பம் பழுது பார்க்கிற போனில் எனக்குப் பேசினார். "அண்ணாச்சி, ஆள் போய் வர ரெண்டு நாளாவும். நீங்க கம்பியைப் புடியுங்க, நான் சொல்லுதேன்." காலையில் தொடங்கியது விளக்கு வைக்கிற நேரத்தில் முடிந்தது. நான் குழிக்குள் முழங்கால் தண்ணீரில். அவர் கம்பி செருகி அழைப்புகளை இணைக்கிற பலகையின் முன்னால். நூற்று எண்பது ஜோடி வரைக்கும் ஒன்றுகூடப் பிசகவில்லை. மிச்சம் இருபதுக்கு, "இது எனக்குத் தெரியாது அண்ணாச்சி, அந்த வீடுகளுக்கே போய்ப் பாத்துருங்க" என்றார். நான், "உத்தேசமாச் சொல்லேன், போட்டுப் பாப்போம்" என்றேன். அதற்கு அவர் சொன்னதைத்தான் பிற்காலத்தில் புதிதாக வந்த ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் சொன்னார். "தெரியாதுன்னு சொல்லலாம். தப்பாச் சொல்லப்படாது."

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் அழைப்புகள் குவியும். எல்லோருக்கும் ஒரே கேள்வி. "தண்ணி விழுதாம்மா?" புஷ்பம் தானாகப் பதில் சொல்ல மாட்டார். அருவிக்குப் பக்கத்தில் போன் வைத்திருந்த ஒரு காப்பிக்கடைக்கு இணைப்புக் கொடுத்து, "அண்ணாச்சி, ரிசீவரை வெளிய நீட்டுங்க" என்பார். மதுரைக்காரர் காதில் அருவி இரையும். ஒருநாள் மேலதிகாரி இதைப் பிடித்துவிட்டார். "இலாகா லைன்ல என்னம்மா விளையாட்டு?" புஷ்பம் பதற்றமே இல்லாமல், "நான் விழுதுன்னு சொல்லி, அவங்க புள்ளகுட்டியோட வந்து இறங்குதப்ப விழலைன்னா, உங்களையும் சேத்துல்லா சார் ஏசுவாங்க" என்றார். மெமோ வந்தது. அந்த மெமோவைத் தன் நாற்காலியின் ஆட்டத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்.

இவ்வளவு போதும். இனி ஆஸ்பத்திரி.

போன வருஷம் மாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இருதயத்துக்காக அவர் சாப்பிட்டு வந்த ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நிறுத்தி, ஐந்து நாள் கழித்துத்தான் ஆபரேசன் என்று டாக்டர் சொன்னார். அதுவரை காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். இரவில் ஜெயா துணை. பகலில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பதால் நான்.

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து, "பத்துல எத்தனை வலிம்மா?" என்று கேட்கும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்க முடியாவிட்டால் பத்து. சொல்கிற எண்ணுக்குத் தகுந்தபடி ஊசியோ மாத்திரையோ. புஷ்பம் ஒவ்வொரு முறையும் "ரெண்டு" என்றார். அப்படிச் சொல்லும்போது கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல் நகங்கள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். நர்ஸ் சின்னப் பெண். அதற்கும் சந்தேகம்தான். "முகத்தைப் பாத்தா ரெண்டு மாதிரி இல்லையே பாட்டி" என்றது. "எம் மூஞ்சியே அப்படித்தான் பிள்ளே. எங்க வீட்டுக்காரரு கல்யாணத்தன்னைக்கே சொன்னாரு" என்றார் புஷ்பம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ரெண்டு என்று எழுதிக்கொண்டு போயிற்று. நானும் சிரித்தேன். எனக்கு அவரைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

அப்படிச் சொல்லச் சொன்னது நான். நம் ஊரில் வலியை உள்ளபடி சொல்கிறவர்களை நாம் மதிப்பதில்லை என்பது ஒரு பக்கம். என் படிப்பு இன்னொரு பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். கேபிள் புத்தகம், சட்டப் புத்தகம், வைத்தியப் பத்திரிகை எல்லாம் ஒருவரிடமும் கேட்காமல் படித்தேன். கேட்டிருந்தால் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். கடுமையான வலி மாத்திரைகள் வயசானவர்களுக்கு மயக்கத்தையும் மறதியையும் உண்டாக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அது பொய் இல்லை, பாதி. மீதிப் பாதியை நான் படிக்கவில்லை. முதல்நாளே அவரிடம் சொன்னேன். "புஷ்பம், இந்த மாத்திரை ஞாபகத்தைக் கெடுத்துரும். முடிஞ்சமட்டும் தாங்கிக்கோ." அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்ப வேண்டாம் அண்ணாச்சி. இடுப்பு போனா கம்பு ஊனி நடந்துக்கிடுவேன். தலை போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு?"

ஜெயாவுக்குத் தெரிந்தால் விட மாட்டாள். ஆகவே பகலில் கொடுத்த மாத்திரைகளைப் புஷ்பம் வாயில் போடுவது போலப் போட்டு, நர்ஸ் போனதும் எடுத்து என்னிடம் தருவார். நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுபோய், வெளியே டீக்கடைச் சாக்கடையில் எறிவேன். ராத்திரி மாத்திரையைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்து காலையில் தருவார். ஐந்து நாளும் அப்படித்தான்.

வலி கூடும்போது நான் பழைய நம்பர்களைக் கேட்பேன். முன்பு ஆபீசில் ஓய்வு நேரத்தில் ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்கிற விளையாட்டு அது. "நாப்பத்தேழு?" என்பேன். "சுவாமி சன்னதிப் பக்கம் பித்தளைப் பாத்திரக்கடை." "நூத்திப் பன்னெண்டு?" "கீழப்பாவூர் டாக்டரு. போன் எடுத்ததும் இருமுவாரு." மூளைக்கு வேலை கொடுத்தால் வலி மறக்கும், ஞாபகமும் கூர்மையாக இருக்கும் என்று எண்ணினேன். அந்த ஐந்து நாளும் அவர் ராத்திரியில் தூங்கவே இல்லை என்று ஜெயா சொன்னாள். நாலாம் நாள் மத்தியானம் "நாப்பத்தேழு?" என்று கேட்டபோது, "ஐந்தருவி லாட்ஜ்" என்றார். பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இல்ல, அது... அண்ணாச்சி, அது யாரு?" என்றார். "தூக்கமில்லைல்லா, அதான்" என்றேன். தூக்கம் ஏன் இல்லை என்று அந்த இடத்தில் ஒரு மனிதன் யோசித்திருக்க வேண்டும். நான் அடுத்த நம்பரைக் கேட்டேன்.

ஆபரேசன் நல்லபடியாக முடிந்தது. எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். மறுநாள் மத்தியானம் நான் உள்ளே போனபோது புஷ்பம் கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கிக் கட்டில் சட்டத்தில் ஓட்டை தேடிச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயா ஒரு கையையும் நர்ஸ் ஒரு கையையும் பிடித்திருந்தார்கள். "விடுங்கட்டி! செங்கோட்டை காத்துக்கிட்டு இருக்கு" என்று கத்தினார். நான் கிட்டே போய், "புஷ்பம், நான்தான் வந்திருக்கேன்" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், "யாரு பேசுதது? எந்த ஊரு?" என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். "லைன் சரியில்ல. வச்சிட்டு அப்புறம் கூப்பிடுங்க" என்றார். ஜெயா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெரும்பாலும் இது சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஒரு வாரத்தில் எங்களையெல்லாம் அடையாளம் தெரிந்தது. ஆனால் போனது முழுவதும் திரும்பவில்லை. காலையில் தெளிவாக இருப்பார். வெயில் ஏற ஏறக் கலங்கிவிடும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போய் நிற்பார். செய்தித்தாளில் ஒரே பத்தியை மூன்று முறை படித்துவிட்டு மடித்து வைப்பார். அவருக்கே அது தெரிந்தது என்பதுதான் கொடுமை. "அண்ணாச்சி, எனக்கு நடுவுல நடுவுல கரண்டு போவுது" என்று சிரிப்பார். பேரன் பெயர் வராதபோது சிரிப்பதில்லை. "ராசா" என்று கூப்பிட்டுச் சமாளித்துக்கொள்வார்.

நாலைந்து மாதம் கழித்து அவரை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனோம். ஜெயா அவரை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போன நேரத்தில் நான் டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். மாத்திரை விஷயத்தையும் சொன்னேன். நல்ல மனுஷர். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஐயா, வலியும் மூளைக்குப் பாரம்தான். நாள்கணக்கா அடங்காத வலி, தூக்கமில்லாத ராத்திரி, அதோட போய் ஆபரேசன் மேசையில படுத்தா, வயசானவங்களுக்கு அப்புறம் குழப்பம் வர வாய்ப்பு கூடும். சிலருக்கு அது நீடிச்சு நிக்கும். மாத்திரை அதிகமானாலும் குழப்பம் வரும், நீங்க படிச்சது சரிதான். அதனாலதான் அளந்து குடுக்கணும்னு எத்தனை வலின்னு கேக்கோம்" என்றார். "அப்ப என்னாலதானா?" என்றேன். "அப்படி ஒண்ணைத் தனியாப் பிரிச்சுச் சொல்ல முடியாது. வயசு, இருதயம், மயக்க மருந்து, ஆபரேசன், எல்லாம் சேந்ததுதான். வலி அதுல ஒண்ணு."

பலவற்றில் ஒன்று என்றார். மற்றவை எதுவும் யார் கையிலும் இல்லை. அந்த ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது.

இதைவிட மோசமானது பிறகு நடந்தது. புரட்டாசியில் ஒருநாள் இலஞ்சி வீட்டில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். காலை நேரம், தெளிவாக இருந்தார். பயறு பொறுக்கிக்கொண்டே கேட்டார். "அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நாமதான் அந்த மாத்திரையைத் தொடவே இல்லையே. பொறவு எப்படி எனக்கு இப்படி ஆச்சு? எனக்குத் தெரியாம ஊசில ஏதும் போட்டுட்டாவளோ?" எனக்குப் பதில் தெரியும். டாக்டரிடம் கேட்டு வந்திருந்தேன். உள்ளதைச் சொல்லலாம். சொல்லத் தைரியம் இல்லையென்றால் தெரியாது என்றாவது சொல்லலாம். நான், "இருக்கும் புஷ்பம். இந்தக் காலத்து ஆஸ்பத்திரில என்ன செய்யுதாவன்னு யாருக்குத் தெரியும்?" என்றேன். அவர் தலையாட்டினார். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று மறுபடி பயறைப் பொறுக்க ஆரம்பித்தார். அந்த நர்ஸ் பெண்ணையும் டாக்டரையும் சந்தேகப்பட்டுக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார். இலாகாவில் எனக்கு அநியாயம் செய்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரையும் நான் இன்றுவரை மன்னித்ததில்லை. அன்று நான் செய்ததற்குப் பக்கத்தில் வைக்கும்படி அவர்கள் ஒருவரும் எதுவும் செய்யவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயா அம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டு என்று சொல்லச் சொன்னதை, மாத்திரைகளைச் சாக்கடையில் போட்டதை, டாக்டர் சொன்னதை, பயறு பொறுக்கிய நாளை. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. முடிந்ததும், "டாக்டர்ட்ட எப்ப மாமா கேட்டீய?" என்றாள்.

"போன வருஷம் ஆடியில."

"ஆடியில." கையில் இருந்த சேலையை மடியில் வைத்தாள். "ஆபரேசனுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டது நான். இந்த வயசுல வேண்டாம்னு அப்பா கூடப்பொறந்த அத்தை சொன்னாவ. நான்தான் புடிவாதமாப் போட்டேன். அம்மா என்னை யாருன்னு கேக்கும்போதெல்லாம், நாமதானே இப்படி ஆக்கிட்டோம்னு நினைச்சு எத்தனை நாள் தூங்காமக் கெடந்திருக்கேன் தெரியுமா? ஆபரேசன் பண்ணாட்டிப் படுத்த படுக்கைதான்னு டாக்டர் சொன்னதுகூட என் காதுல ஏறல. நீங்க அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா, உங்க மேல நாலு நாள் கோவப்பட்டிருப்பேன். பொறவு தூங்கியிருப்பேன்லா மாமா."

என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் வாய் மூடியிருந்த நாட்களையெல்லாம் இந்தப் பெண் தன் தலையில் சுமந்திருக்கிறாள். அது எனக்கு அந்த நிமிஷம்வரை தோன்றவே இல்லை. "தப்புத்தான்" என்றேன். "தப்புத்தான்" என்று அவளும் சொன்னாள். பிறகு எழுந்துபோய் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு முழங்கால், இடுப்பு, குடல் என்று ஏதாவது ஒன்றைக் கத்தி தொடப்போகிறது. வலி எத்தனை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எட்டு என்றால் எட்டு. மாத்திரை பற்றிப் பயம் இருந்தால் கொடுக்கிறவரிடமே கேளுங்கள். என்னைப் போலப் பாதி படித்தவனிடம் கேட்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு உங்களில் சிலர் என் வீட்டுக்கு வருவீர்கள். "விடுங்க அண்ணாச்சி, நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சீங்க" என்பீர்கள். வர வேண்டாம். புஷ்பத்தின் ஞாபகசக்தியைப் பற்றி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். அது எல்லோருக்கும் பொது. நான் வைத்துக்கொள்வது வேறு. எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்த்தே நம்புகிற அந்தப் பெண், என் சொல்லை மட்டும் சரிபார்க்காமல் நம்பி, ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியாக இருக்கவில்லை. அந்தப் பாரத்தை லேசாக்கித் தர யாரும் முன்வர வேண்டாம். இருக்கிறவரை அப்படியே வைத்துக்கொள்வேன்.